அக்கா பதில்கள்: தலையில் கட்டும் துணி தலைவலி ஆனால்

இந்த மாதம் ஜெலுத்தோங்கிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. நானும் இருபது வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான், துணி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாஜு கூரோங், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு யூத அம்மா கடைக்கு வந்தார். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரண்டு வருட வேலையாம். கல்யாணமானதிலிருந்து தலைமுடியை மறைத்துத் துணி கட்டுகிறார். ஊரிலிருந்து கொண்டுவந்ததைக் கட்டினால் இங்கே மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறதாம், பட்டுத் துணி என்றால் வழுக்கிப் பின்னால் போய்விடுகிறதாம். தினமும் கட்ட லேசாக நாலைந்து தைத்துத் தரச் சொல்கிறார். துடோங் தைத்துப் பழக்கம் உண்டு, அதே மாதிரி தைத்தால் போதுமா? மத விஷயத்தில் ஏதாவது தப்பு செய்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.
- ஜெலுத்தோங் வாசகி

துடோங் மாதிரி தைக்காதே தங்கச்சி. அங்கேதான் உனக்கு முதல் சறுக்கல் வரும்.

துடோங் கழுத்தையும் காதையும் மூடித் தோளில் விழுகிறது இல்லையா, அதனால் துணியின் பாதி எடையைத் தோள் வாங்கிக்கொள்கிறது. இந்த அம்மா கட்டுவது அப்படியில்லை. முடியை மட்டும் மூடி, துணியின் இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தைத் தலையைச் சுற்றிச் செருகுவார்கள். கழுத்து வெளியே தெரியும், காதும் பலருக்கு வெளியேதான் இருக்கும். அதாவது, முழு எடையும் தலையில். போதாததற்கு உள்ளே கொண்டை வேறு. இரண்டு மீட்டர் துணியை நாலு சுற்றுச் சுற்றி, நம் ஊர் ஈரக்காற்றில் அது வியர்வையையும் குடித்துக் கனத்துப்போனால், மத்தியானம் வரை தாங்கியதே அந்த அம்மாவின் பொறுமை என்றுதான் சொல்வேன்.

இந்தத் துணிக்கு அவர்கள் ஐரோப்பிய யூதர்களின் இத்தீஷ் மொழியில் டிஹெல் என்றும் ஹீப்ருவில் மிட்பாஹத் என்றும் பேர் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் பை மாதிரி தொங்கி முடியை அள்ளிக்கொள்ளும் தொப்பி ஒன்று உண்டு, அது ஸ்னூட். பெரே தொப்பி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஷேய்டல் என்று சொல்லும் விக் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லா யூதப் பெண்களும் மறைப்பதில்லை என்பதையும் மனசில் வைத்துக்கொள். மறைக்கிறவர்களிலும் ஒருவர் ஒரு முடிகூடத் தெரியாமல் கட்டுவார், இன்னொருவர் நெற்றிக்கு மேலே கொஞ்சம் தெரியவிடுவார். அமெரிக்காவில் இருந்த ராபி மோஷே ஃபைன்ஸ்டீன் என்ற பெரிய மார்க்க அறிஞர் இரண்டு விரல் அகலத்துக்கு முன்முடி தெரிந்தால் தப்பில்லை என்று சொன்னதைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள், பலர் அதை ஏற்பதில்லை. ஆகவே நீயாக முடிவு செய்யாமல், அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடு: முன்னால் எதுவரை வரணும்? காது உள்ளேயா வெளியேயா? வீட்டுக்குள்ளும் கட்டுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் சிலர் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள், சிலர் தூங்கும்போதுகூடக் கட்டுவார்கள். தூங்கும்போது கட்டுகிறவருக்கு நீ பின்னால் கெட்டி முடிச்சு வரும்படி தைத்துக் கொடுத்தால் மறுநாள் காலையில் உன்னைத்தான் திட்டுவார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், பைபிளின் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்ணின் தலையை ஆசாரியன் திறக்கிற ஒரு சடங்கு வருகிறது. திறக்கிறான் என்றால் அதற்கு முன்னால் மூடித்தானே இருந்திருக்க வேண்டும் என்று தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூலில் பேசுகிறார்கள். தலையில் ஒரு கூடை இருந்தால் அது மறைப்புக் கணக்கில் சேருமா, தெருவில் சேருமா முற்றத்தில் சேருமா என்றுகூட அங்கே வாதம் உண்டு. எனக்கு அந்தக் கூடை வாதம் ரொம்பப் பிடிக்கும். சந்தைக்கும் கிணற்றடிக்கும் போய்வந்த நிஜப் பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

சரி, துணிக்கு வருவோம். காட்டன் வாயில் எடு. நம் கைக்குப் பழகிய துணி, மாஸ்ஜிட் இந்தியா பக்கமோ இங்கே பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ தேடி அலைய வேண்டாம், துடோங் பாவாலுக்கு விற்கிற வாயிலே போதும். மல் துணியும் நல்லது, ஆனால் வெளிர் நிறத்தில் முடி தெரியும், உள்ளே ஒரு தொப்பி வேண்டும். விஸ்கோஸ் அழகாக விழும், ஆனால் நனைந்தால் கனக்கும். பாப்ளின் விறைப்பு, காதுக்குப் பின்னால் அறுக்கும். சாட்டின், ஜார்ஜெட், பட்டு மூன்றும் விசேஷத்துக்கு இருக்கட்டும்.

அளவு: சதுரம் என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், முக்கோணமாக மடித்துக் கட்டுவார். நீளம் வேண்டும் என்றால் 70 சென்டிமீட்டர் அகலம், 180 நீளம், அதற்கு மேல் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்ததை விரித்து அளந்து பார், இதைவிட நீளமாக இருந்தால் பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிடும். ஓரத்துக்கு ஜாஹிட் தெப்பி கடையில் கொடுப்பாயோ நீயே பிக்கோ அடிப்பாயோ தெரியாது, எதுவானாலும் மெல்லிசாக இருக்கட்டும். தடித்த ஓரம் நாலு சுற்றில் நாலு கயிறு.

இப்போது யாரும் கண்ணில் பார்க்காத பகுதிக்கு வா. வழுக்குவதும் வலிப்பதும் ஒரே வியாதி, உனக்குத் தெரியுமா? துணி வழுக்குகிறது, அதனால் இறுக்கிக் கட்டுகிறார், இறுக்கியதால் தலை வலிக்கிறது. வழுக்கலை நிறுத்திவிட்டால் இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்காக உள்ளே வெல்வெட் பட்டை கட்டுவார்கள், வெல்வெட்டின் ரோமம் கீழே முடியையும் மேலே துணியையும் பிடித்துக்கொள்ளும். குளிர் ஊரில் முழு வெல்வெட் பட்டை சரி. இங்கே அதைக் கட்டினால் நெற்றியில் வேர்க்குரு வரும். அதனால் நான் சொல்வது, மெல்லிய டி-சர்ட் துணியில் ஒரு உள்தொப்பி தை, நம் மலாய் வாடிக்கையாளர்களுக்கு ஆனாக் துடோங் தைக்கிறாயே, அதில் கழுத்துப் பகுதி இல்லாமல். அதன் முன் ஓரத்தில் மட்டும், காதிலிருந்து காதுவரை, இரண்டு விரல் அகலத்துக்கு இழுபடும் வெல்வெட்டை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று வைத்து அடி. நெற்றித் தோலில் படக்கூடாது, முடி ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார வேண்டும். எலாஸ்டிக்கைச் சுற்றிவரப் போடாதே, பின்னால் பிடரிக்கு நேராக ஒரு சாண் போதும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரட்டும், மேலே துணி கட்டத்தானே போகிறார், யார் பார்க்கப் போகிறார்கள்?

முடிச்சு விழும் இடத்தையும் காட்டிக்கொடு. பின்மண்டையில் கையை வைத்தால் ஒரு மேடு தட்டுப்படும், அதற்குக் கீழே பள்ளம். முடிச்சு அந்தப் பள்ளத்தில் விழுந்தால் துணி மேட்டைத் தாண்டி மேலே ஏறவே ஏறாது, மேட்டின் மேலேயே விழுந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மணி நேரத்தில் எகிறும். கொண்டையையும் உச்சியில் தூக்கிப் போடாமல் கொஞ்சம் தாழ்த்திப் போடச் சொல். தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் முன்முடி மெல்லக் கொட்டும், பரதநாட்டியப் பிள்ளைகளுக்கும் இறுக்கிப் பின்னல் போடும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நெற்றி ஏறுவது இதனால்தான். அப்புறம், தலை குளித்துவிட்டு ஈரத்தோடு கட்டவே கூடாது. பினாங்கு வெயிலில் உள்ளே இட்லி வேகிற மாதிரி ஆகிவிடும், பொடுகும் வாடையும் நிச்சயம்.

மத விஷயத்தில் தப்பு வருமோ என்றாயே, அதற்கும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக்கூடாது. ஷாட்னெஸ் என்பார்கள், உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, இன்றும் இதைச் சோதித்துப் பார்க்கவே ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் கம்பளிக்கு ஏது வேலை என்று நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைப்பேன், ஆனால் சில பெண்கள் துணிக்கு உள்ளே உயரம் காட்ட ஒரு திண்டு வைப்பார்கள், ஷேப்பர் என்று பேர். அதை நீ ஃபெல்ட் துண்டு அடைத்துத் தைத்தாய் என்றால் அந்த ஃபெல்டில் கம்பளி இருக்கலாம், மேலே நீ போடுவது லினன் கலந்த துணியாக இருக்கலாம், முடிந்தது கதை. பாலியஸ்டர் பஞ்சு அல்லது டி-சர்ட் வெட்டிய மிச்சத்தை அடை. லினனோடு காட்டன் கலந்தால் குற்றமில்லை. துணி வாங்கியதும் என்ன கலப்பு என்று துண்டுச்சீட்டில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்துவிடு, அவர் நிம்மதியாகப் போவார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று நிலைத்து நிற்கும் முடிச்சுப் போடக்கூடாது என்று ஒரு சட்டம். அன்றைக்கே அவிழ்க்கிற தலைத்துணி முடிச்சை அதில் சேர்ப்பதில்லை. ஆனாலும் அன்றைக்கு முன்கூட்டியே கட்டித் தைத்த மாதிரி ஒன்று இருந்தால் வசதி, தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு பின்னால் இரண்டு வாலையும் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினால் போதும். நாலைந்து என்று கேட்டார் இல்லையா, அதில் ஒன்றை அப்படித் தை. இன்னொன்றை வீட்டுக்கு ஸ்னூடாகத் தை, அதன் வாய் ஓரத்தில் குறுக்காக வெட்டிய கிராஸ் பீஸ் வைத்து அடி, இழுத்துப் பிடிக்காது.

முதலில் ஒன்றே ஒன்று தைத்து, அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உன் கடையிலேயே உட்காரச் சொல். கண்ணாடி முன் ஐந்து நிமிடத்தில் எல்லாத் தொப்பியும் சுகமாகத்தான் இருக்கும். நீ கொடுக்கிற முறுக்கை அவர் தொடாமல் இருந்தால் மனசு வருத்தப்படாதே, கோஷர் என்ற அவர்கள் உணவுச் சட்டக் கணக்கு இருக்கும். பச்சைத் தண்ணீரோ உரிக்காத வாழைப்பழமோ கொடு.

அக்கா, நம் கோயில்களில் இறக்கும் முடியில் செய்த விக்குகளை யூதப் பெண்கள் தெருவில் போட்டு எரித்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். உண்மையா? நம்மை அவமதிக்கத்தானே அது? தைப்பூசத்துக்குப் பத்துமலையில் என் மகனுக்கு முடி இறக்கப் போகிறேன், கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.
- பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

உண்மைதான், 2004-ஆம் ஆண்டு மே மாதம். ஆனால் அவமதிப்பு இல்லை, முழுக் கதையையும் கேளுங்கள் தம்பி.

திருமலையில் கல்யாண கட்டாவில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, நீளமான முடி ஏற்றுமதியாகி விக்குக்குப் போகிறது. அந்த விக்குகளை மதச் சட்டத்தைக் கடைப்பிடிக்கிற யூதப் பெண்கள் நிறையப் பேர் ஆசையாக வாங்கி வைத்திருந்தார்கள். அவர்கள் சட்டத்தில், வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பயனும் அடையக்கூடாது. ஜெருசலேமில் ராபி யோசேப் ஷாலோம் எலியாஷிவ் என்ற மிகப் பெரிய அறிஞர் இருந்தார். லண்டனிலிருந்து ஒரு ராபியை நேராகத் திருப்பதிக்கே அனுப்பி என்ன நடக்கிறது என்று பார்த்துவரச் செய்து, அப்புறம் இந்த முடி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். விற்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது, அழிக்கத்தான் வேண்டும். அதனால் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் தெருவில் குவித்து எரித்தார்கள். கல்யாணத்துக்குக் காசு சேர்த்து வாங்கிய விக்கு அது, கொண்டுவந்து போட்டவர்களுக்கு வயிறு எரிந்திருக்காதா?

அவர்களுக்குள்ளேயே இதில் வாதம் நடந்தது. முடிதான் காணிக்கையா, அல்லது சாமி முன்னால் போவதற்கு முன் அழகை, அகந்தையை இறக்கி வைக்கிறோம், விழுந்த முடி வெறும் முடியா? வெறும் முடி என்றால் தடையே இல்லை. நம் வீட்டில் இதைக் கேட்டுப் பாருங்கள், பாட்டி ஒன்று சொல்வார், பூசாரி ஒன்று சொல்வார். ஆனால் பேச்சில் நாம் எல்லாருமே முடி காணிக்கை என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை நம்மைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள், எனக்கு இதில் கோபம் வரவில்லை.

அதற்கப்புறம் ஐரோப்பிய முடி, செயற்கை முடி என்று மாறினார்கள், முடி எங்கிருந்து வந்தது என்று சான்றிதழோடு விற்கிறார்கள். விக்கே வேண்டாம், துணிதான் சரி என்று இஸ்ரேலின் ராபி ஓவாதியா யோசேப் கடுமையாகச் சொன்னார். நியூயார்க்கில் இருந்த, லூபாவிச் என்ற யூத இயக்கத்தின் தலைவரான ரெபே நேர் எதிராக, துணி நழுவும், யாராவது பார்த்தால் கூச்சப்பட்டுக் கழற்றத் தோன்றும், விக்கே மேல் என்றார். இரண்டு பக்கமும் பெரிய கூட்டம். ஜெலுத்தோங் தங்கையின் வாடிக்கையாளர் எந்தப் பக்கமோ, இந்த வெயிலில் துணியைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம்.

மகனுக்கு நல்லபடியாக முடி இறக்குங்கள். ஆற்றோரம் கூட்டத்தில் சவரக்காரரிடம் புது பிளேடு போடச் சொல்லி நீங்களே நின்று பாருங்கள், சந்தனத்தை வெட்டுக்காயத்தில் அப்பாதீர்கள்.

கீமோவில் முடி முழுவதும் கொட்டிவிட்டது அக்கா. யூதப் பெண்கள் கட்டுகிற மாதிரி தலைத்துணி கட்டினால் அழகாக இருக்கிறது என்று மகள் ஃபோனில் காட்டினாள். எனக்கு ஒத்துவருமா? எதைப் போட்டாலும் தலை எரிகிறது.
- செராஸ் வாசகி

ஒத்துவரும்மா, ஆனால் மேலே சொன்ன வெல்வெட்டை நீங்கள் தொட வேண்டாம். முடி இருக்கிற தலைக்குத்தான் அது. உங்களுக்கு இப்போது தோல் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி.

என் சின்னம்மாவுக்கு இதே நிலை வந்தபோது ஒரு கடையில் விலை கொடுத்து வாங்கிய தொப்பியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் தலையணையில் சின்ன ரத்தப் பொட்டு. தொப்பியைத் திருப்பிப் பார்த்தால் பிடரியில் அந்த பிளாஸ்டிக் லேபிள், அரை அங்குலம்கூட இல்லை, ஒரு மூலை மட்டும் தையல் விட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்தால் வெட்டிய மிச்சம் குத்தும். தையலையே பிரித்து எடுத்தேன், தொப்பியை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொடுத்தேன், அன்றைக்குத்தான் தூங்கினார்.

அதனால் பழைய டி-சர்ட் ஒன்றை எடுங்கள், நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதில் உள்தொப்பி. மடிப்பு தோலில் படக்கூடாது. முடி இல்லாததால் துணி தலையோடு ஒட்டித் தட்டையாக இருக்கும், அந்தப் பெண்கள் வைக்கிற மாதிரி பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு வைத்தால் உருவம் வந்துவிடும், மகள் காட்டிய படத்தின் ரகசியமே அதுதான். மேலே வாயில் துணி, ஒரே சுற்று, தளர்வாக. தலையில் சிவப்போ கொப்புளமோ வந்தால் துணியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடமே காட்டுங்கள்.

அக்கா, பினாங்கில் யூதர்கள் இருந்தார்களா என்ன? ஜாலான் ஸைனல் ஆபிடின் வழியாகப் போகும்போது ஒரு பழைய இடுகாடு பார்த்தேன், யூதர் கல்லறை என்றார்கள்.
- பூலாவ் தீக்குஸ் மாணவர்

இருந்தார்கள் தம்பி, பெரும்பாலும் பாக்தாத் வழி வந்த வியாபாரக் குடும்பங்கள். நீ போகும் அந்த ரோட்டுக்கே முன்னால் ஜாலான் யாஹூடி என்றுதான் பேர். உள்ளே நூறுக்கு மேல் கல்லறைகள், பல பெட்டி வடிவத்தில் மேலே மூடி போட்ட மாதிரி இருக்கும். பழைய கல் ஒன்றில் 1835 என்று ஆண்டு இருக்கிறது, அது ஒரு பெண்ணுடையது. நாகூர் ரோட்டில் 1929-இல் ஜெப ஆலயம் திறந்தார்கள், தொழுகைக்குப் போதிய ஆள் இல்லாமல் 1976-இல் மூடிவிட்டார்கள், அவர்களுக்குப் பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டுத் தொழுகை. கடைசியாக இருந்த டேவிட் மொர்டெகாய் ஹோட்டல் நிர்வாகியாக இருந்தவர், 2011-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, பூட்டுச் சாவி வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் நம் இந்தியக் குடும்பம் ஒன்று என்பது உனக்குத் தெரியுமா? உள்ளே போகும்போது நீயும் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு போ, ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போவதுதான் அவர்கள் வழக்கம்.

யூத ஆண்கள் உச்சியில் வைக்கும் சின்னத் தொப்பி காற்றில் எப்படிப் பறக்காமல் நிற்கிறது?
- பட்டர்வொர்த் வாசகர்

முடி இருந்தால் கிளிப். வழுக்கைக்கு உள்பக்கம் ஒட்டும் டேப்.

எங்கள் வீட்டில் தலையில் முந்தானையைப் போடு என்று மாமியார் கோயிலில்கூடச் சொன்னதில்லை. நீங்கள் அக்கறையாக யாருக்கோ தலைத்துணி பாடம் நடத்துவீர்கள் போல. அடுத்த மாதம் ரவிக்கை கழுத்து ஏன் தோளில் நிற்காமல் வழிகிறது என்று எழுதுங்கள்.
- கெப்போங் வாசகி

அதற்கு அடுத்த மாதம் வரை எதற்கு? முன்கழுத்தையும் பின்கழுத்தையும் சேர்த்து ஆழமாக வெட்டச் சொல்லியிருப்பீர்கள். ஒன்றைக் குறையுங்கள், இல்லாவிட்டால் தோளுக்குத் தோள் ஒரு நாடா வைக்கச் சொல்லுங்கள்.